கணக்கை இலவசமாகக் கொடுத்தவரும் கடனுக்கு விற்றவரும்

நம்மில் யாரும் பேரம் பேசாமல் காசு கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் மூட்டைக்கு ஐந்து ரூபா குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் நிற்கிறோம். கடை வாடகையைக் கூட்டினால் சொந்தக்காரரிடம் மூன்று தடவை போய் வருகிறோம். ஆனால் பிள்ளையின் கணித டியூஷனுக்கு மாதக் காசு என்று வந்தால் வாய் திறப்பதில்லை. சரக்கு எப்படி என்றும் விசாரிப்பதில்லை. மண்டபம் நிறைந்த வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் நமது பிள்ளைக்குப் பலகை தெரிகிறதா என்றாவது கேட்டிருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை.

இந்தக் காசுக்கு நாம் வாங்கும் சரக்கு என்ன? விளக்கம். பாடத்திட்டமும் புத்தகமும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. புத்தகத்தில் இருப்பதை மண்டையில் ஏற்றும் வேலைக்குத்தான் கூலி கொடுக்கிறோம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது ஒரு விசித்திரமான சரக்கு. ஒரு மூட்டை சீனியை ஒருவருக்கு விற்றால் அதே மூட்டையை இன்னொருவருக்கு விற்க முடியாது. நல்ல விளக்கம் ஒன்றைப் பதிவு செய்து வைத்துவிட்டால் பத்துப் பேர் எடுத்தாலும் பத்து இலட்சம் பேர் எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். களஞ்சிய வாடகை இல்லை, எலி தின்னாது, காலாவதியாகாது. இப்படியான சரக்கை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிக் கடை நடத்துவது? கடந்த இருபது வருடங்களில் பாடசாலைக் கணிதத்தை இணையத்தில் வீடியோவாகக் கற்பித்தவர்கள் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கொடுத்திருக்கிறார்கள். சிலர் நிலைத்தார்கள். ஒருவர் பெரும் கோபுரம் கட்டி அதன் அடியிலேயே அகப்பட்டுக்கொண்டார்.

முதலில் ஸல்மான் கானைச் சொல்ல வேண்டும். நடிகரைச் சொல்லவில்லை. இவர் 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். தகப்பனார் பங்களாதேஷின் பாரிசால் பகுதியைச் சேர்ந்தவர், தாயார் மேற்கு வங்காளத்தவர். எம்.ஐ.டி.யில் கணிதமும் கணினி விஞ்ஞானமும் படித்து, ஹாவார்ட்டில் வணிக நிர்வாகமும் முடித்து, ஹெட்ஜ் பண்ட் எனப்படும் முதலீட்டு நிதியம் ஒன்றில் பங்குகளை ஆராயும் வேலையில் இருந்தார். சம்பளத்துக்குக் குறைவில்லாத தொழில்.

2004ஆம் ஆண்டு, நியூ ஓர்லியன்ஸ் நகரில் இருந்த பன்னிரண்டு வயது உறவுக்காரச் சிறுமி ஒருத்தி கணிதப் பரீட்சையில் பின்தங்கிவிட்டாள். அலகு மாற்றம் அவளுக்குப் பிடிபடவில்லை. கான் அப்போது பொஸ்டன் நகரில் இருந்தார். வேலை முடிந்து வந்து தொலைபேசியிலும், இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் எழுத்துத் தெரியும் ஒரு சாதாரண மென்பொருளிலும் அவளுக்குப் பாடம் சொன்னார். சிறுமி முன்னேறினாள். பிறகு அவளது சகோதரர்கள் வந்தார்கள், மற்றைய உறவுக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரே பாடத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் போதவில்லை. நண்பர் ஒருவர், “இதைப் பதிவு செய்து யூடியூப்பில் போட்டு விடுங்களேன்” என்றார். பூனை பியானோ வாசிக்கும் படங்களுக்கான இடமல்லவா அது என்று கான் முதலில் நினைத்தாராம். 2006 நவம்பரில் போடத் தொடங்கினார்.

அந்த உறவுக்காரப் பிள்ளைகள் பிறகு சொன்ன ஒரு விடயத்தைக் கான் 2011ஆம் ஆண்டு ஒரு பகிரங்க உரையில் எடுத்துச் சொன்னார். நேரில் பேசும் அவரைவிட யூடியூப்பில் வரும் அவரைத்தான் தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்களாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அதன் பொருள் எனக்கு 2020இல்தான் விளங்கியது. அந்த வருடம் மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகளும் டியூஷன் வகுப்புகளும் மூடப்பட்டபோது என் மகள் பத்தாம் தரத்தில் இருந்தாள். அட்சரகணிதம் பாதியில் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இருந்த ஒரு வீடியோவை அவள் தட்டித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. “வகுப்பு தொடங்கினதும் சேரிடமே கேட்டால் என்ன மகள்?” என்றேன்.

“சேர நிப்பாட்ட ஏலாதே வாப்பா. இத எத்தனை தரமும் நிப்பாட்டலாம்” என்றாள்.

எனக்கு அதற்குமேல் பேச்சில்லை. நூறு பிள்ளைகளுக்கு நடுவில் கையை உயர்த்தி “சேர், விளங்கல்ல” என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? அதே பிள்ளை ஆறாம் தரத்தில் தவறவிட்ட பின்னத்தைப் பதினோராம் தரத்தில் கேட்கவா போகிறது? வீடியோவுக்குக் கோபம் வராது, மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள், பழைய பாடத்துக்குத் திரும்பிப் போனால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

கானின் பாடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அலங்காரம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை. அதில் கலர் கலராகக் கையெழுத்து. பேசுபவரின் முகமே வராது, குரல் மட்டும்தான். அந்தக் காலத்தில் யூடியூப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் போட முடியாது என்பதால் பாடமும் பத்து நிமிடத்துக்குள் அடங்கியது. கட்டுப்பாடாக வந்தது பிறகு நல்ல அளவாகிவிட்டது. எழுதி வைத்து வாசிக்காமல், பக்கத்தில் இருந்து சேர்ந்து யோசிப்பவர் போலப் பேசினார். கணினியில் எழுதும் பேனைப் பலகை ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும்தான் மூலதனம்.

2009இல் வேலையை விட்டார். வீட்டில் கைக்குழந்தை. உடுப்பு அலுமாரி வைக்கும் சிறிய அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சேமிப்பை உடைத்துச் சாப்பிட்டார்கள். இதை இலாப நிறுவனமாக நடத்தினால் காசு போட ஆயத்தமாக இருந்தவர்கள் இருந்தார்கள். ஹாவார்ட்டில் வணிகம் படித்த மனிதருக்கு அந்தக் கணக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கான் அக்கடமியை இலாப நோக்கற்ற நிறுவனமாகவே வைத்துக்கொண்டார். சிறு சிறு நன்கொடைகள் வந்துகொண்டிருந்தபோது ஒருநாள் 10,000 டொலர் வந்தது. அனுப்பியவர் ஆன் டோர் என்ற பெண்மணி, பிரபல முதலீட்டாளர் ஜோன் டோரின் மனைவி. பகல் சாப்பாட்டில் சந்தித்தபோது, குடும்பத்தை எப்படிக் கொண்டு நடத்துகிறீர்கள் என்று கேட்டார். சேமிப்பில் என்றார் கான். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் இன்னும் 100,000 டொலர் அனுப்புவதாகச் செய்தி வந்துவிட்டது. அந்த வருடமே, அதாவது 2010இல், பில் கேட்ஸ் தானும் தன் பிள்ளைகளும் இந்தப் பாடங்களைப் பார்ப்பதாக ஒரு பகிரங்க மேடையில் சொன்னார். கேட்ஸ் மன்றம் 1.5 மில்லியன் டொலரும் கூகுள் 2 மில்லியன் டொலரும் கொடுத்தன.

இங்கே ஒரு வியாபாரி கவனிக்க வேண்டியது என்ன? ஒரு வீடியோவை இன்னொரு பிள்ளை பார்ப்பதால் கானுக்கு ஏறக்குறைய ஒரு சதமும் செலவில்லை. ஆகவே இலவசமாகக் கொடுக்க முடிந்தது. 2023இல் செயற்கை நுண்ணறிவில் இயங்கும் உதவி ஆசிரியரை அவர் அறிமுகப்படுத்தியபோது கதை மாறியது. பிள்ளை கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கணினிச் செலவு உண்டு. அதற்குக் கட்டணம் வாங்க வேண்டியதாயிற்று. வீடியோவும் பயிற்சிகளும் இலவசமாகவே இருக்கின்றன. அவரது இலவசத்தில் கணக்கும் இருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி அந்தச் சரக்கையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். விளங்கக்கூடிய வீடியோ, விளங்காத வகுப்பு என்கிறோமே, வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரம்: இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கித்தால், முதலாவதின் வர்க்கம், இரண்டாவதின் வர்க்கம், அவற்றோடு இரண்டின் பெருக்கத்தின் இரு மடங்கு. அந்த இரு மடங்கை மறப்பதுதான் பரீட்சையில் அதிகம் நடக்கும் பிழை. இதையே படமாகக் காட்டினால் எப்படி? உங்கள் கடை இருபதுக்கு இருபது அடி. தரைக்கு ஓரடி டைல்ஸ் 400 போட்டிருக்கிறீர்கள். வியாபாரம் பெருத்து, ஒரு பக்கமும் பின்பக்கமும் மூன்று மூன்று அடி கூட்டுகிறீர்கள். எத்தனை டைல்ஸ் வாங்குவீர்கள்? பக்கத்துத் துண்டு இருபதுக்கு மூன்று, 60. பின்பக்கத் துண்டு இன்னொரு 60. இரண்டு துண்டுகளும் சந்திக்கும் மூலையில் மூன்றுக்கு மூன்று, 9. மொத்தம் 529. சூத்திரத்தை மறந்த பிள்ளை 400உம் 9உம் 409 என்று எழுதும். அந்த 120 டைல்ஸ் இல்லாமல் பாஸ் வந்து நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். படத்தைப் பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் அதை மறக்காது.

இப்போது அதே படத்தில் இன்னொன்று. 1,000 ரூபாப் பொருளுக்கு 20 வீதம் கூட்டி விலை போடுகிறீர்கள். பெருநாள் வருகிறது. 20 வீதம் கழிவு என்று பலகை எழுதித் தொங்கவிடுகிறீர்கள். கூட்டியதைத்தானே குறைத்தோம், முதலுக்கு மோசமில்லை என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் சந்தையில் இருக்கிறார்கள். 1,000 என்பது 1,200 ஆனது. 1,200இல் 20 வீதம் 240. கைக்கு வருவது 960. உருப்படிக்கு 40 ரூபா நட்டம். கூட்டும்போது ஆயிரத்தின் 20 வீதம், குறைக்கும்போது ஆயிரத்து இருநூறின் 20 வீதம். எதன் வீதம் என்பதுதான் கேள்வி. அந்த 40 ரூபா எங்கே போனது என்று தேடினால், டைல்ஸ் கணக்கில் பார்த்த மூலைத் துண்டுதான் அது. 20 வீதத்தின் 20 வீதம், அதாவது 4 வீதம். பத்தாம் தரத்து அட்சரகணிதமும் நமது கழிவுப் பலகையும் ஒரே சதுரத்தின் ஒரே மூலையில் சந்திக்கின்றன. இதைக் கண்டபோது நான் கொப்பியை மூடிவிட்டு சற்று நேரம் சும்மா இருந்தேன். முப்பது வருடம் வீதக் கணக்கோடு புழங்கிய எனக்கு யாரும் இதைப் படமாகக் காட்டியதில்லை.

எண்பது ரூபாவுக்கு வாங்கி நூறு ரூபாவுக்கு விற்றால் இலாபம் 20 வீதமா 25 வீதமா என்ற பழைய தகராறும் இதே குடும்பம்தான். வாங்கிய விலையில் 25, விற்ற விலையில் 20. பங்காளிகள் இருவரும் சரியாகச் சொல்லிக்கொண்டே சண்டை பிடிப்பார்கள்.

கடையில் என்னோடு நிற்கும் பையன் ஒருவன் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் வந்தவன். சயவைச் சயவால் பெருக்கினால் சக வருவது ஏன் என்று மகளுடைய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து அவனிடம் கேட்டேன். “அப்படித்தான் நானா, சேர் சொன்னார்” என்றான். கடன் கொப்பியை எடுத்து வைத்தேன். நாம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் என்றால் அது நமக்குச் சய. 200 ரூபாப்படி மூன்று கடன்களை அவர் வெட்டிவிட்டால் நமக்கு என்ன? “அறுநூறு ரூபா லாபம்” என்றான் உடனே. எடுத்துவிடுவது ஒரு சய, கடன் இன்னொரு சய. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கணிதம் தலையில் ஏறாது என்று முத்திரை குத்தப்பட்ட பையன் அவன். மாதக் கடைசியில் எனக்கு முன்னால் ஸ்டொக் கணக்கை முடிப்பவனும் அவன்தான்.

இந்தச் சய பெருக்கல் பாடத்திலேயே கான் ஒருமுறை பலர் பார்க்க அடி வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் மிச்சிகன் மாநிலத்துப் பேராசிரியர்கள் இருவர் அவரது வீடியோ ஒன்றைத் திரையில் ஓட விட்டு, எங்கெல்லாம் விளக்கம் தடுமாறுகிறது, எங்கே காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொல்கிறார் என்று கிண்டலாகச் சுட்டிக்காட்டி ஒரு வீடியோ வெளியிட்டார்கள். கான் அக்கடமி சில நாட்களிலேயே அந்தப் பாடத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டது. பழுதான சரக்கை வாதாடாமல் மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரை நமக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பேராசிரியர்கள் எழுப்பிய விடயம் பெரியது. விதியைச் சொல்லிக் கொடுப்பது வேறு, ஏன் என்று விளங்க வைப்பது வேறு. கலர் பேனையால் எழுதியதற்காக மட்டும் மனப்பாடம் விளக்கமாகிவிடாது.

இதைவிடக் கசப்பான மருந்து ஒன்றும் இருக்கிறது. டெரெக் முல்லர் என்பவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008இல் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு அது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பௌதிகவியலைத் தெளிவாக, நேரடியாக விளக்கும் வீடியோவைக் காட்டினார். பார்த்தவர்கள் “நன்றாக விளங்கியது” என்றார்கள். பரீட்சை வைத்தால் முன்னைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. இன்னொரு பகுதியினருக்கு, மாணவர்கள் வழமையாக நினைக்கும் பிழையான கருத்தை முதலில் எடுத்துப் பேசி, அது ஏன் பிழை என்று காட்டும் வீடியோவைக் காட்டினார். அவர்கள் “குழப்பமாக இருந்தது” என்றார்கள். ஆனால் புள்ளி அவர்களுக்குத்தான் கூடியது. அதாவது இந்தச் சரக்கில் வாடிக்கையாளரின் திருப்தி தரத்துக்கு அத்தாட்சி அல்ல. புடைவை வியாபாரத்தில் இப்படி நடந்தால் நாம் தலையைச் சொறிவோம்.

ஆகவேதான் கான் வீடியோவோடு நிற்கவில்லை. பயிற்சிகளைச் சேர்த்தார். ஆரம்ப காலத்தில் தொடர்ந்து பத்துக் கேள்விக்குச் சரியான விடை கொடுத்தால்தான் அடுத்த பாடத்துக்குப் போகலாம். எழுபது புள்ளி எடுத்தவனை ‘பாஸ்’ என்று மேலே அனுப்பினால், தெரியாத முப்பது அவனோடு கூடவே வரும், ஒருநாள் கட்டடம் சரியும் என்பது அவரது வாதம். பாக்கியைத் தீர்க்காமல் புதுப் பில் போட்டுக்கொண்டே போகும் வாடிக்கையாளரை நினைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் லொஸ் அல்டோஸ் பாடசாலைகளில் 2010இல் இதைப் பரீட்சித்தபோது, ஆசிரியரின் திரையில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று ஸ்டொக் புத்தகம் போலத் தெரிந்தது. ஒரு இடத்தில் பல நாள் தடுமாறிய பிள்ளைகள் அதைத் தாண்டியதும் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடியதை அங்கு கண்டார்கள்.

அவுஸ்திரேலியாவில் எடி வூ என்ற அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் வேறு வழியில் வந்தார். சிட்னியின் செரிபுரூக் பாடசாலையில் அவரது மாணவன் ஒருவன் புற்றுநோயினால் வகுப்புக்கு வர முடியாமல் போனான். அவனுக்காக 2012இல் தன் வகுப்பையே போனில் பதிவு செய்து இணையத்தில் போடத் தொடங்கினார். தனி ஸ்டூடியோ இல்லை. பின்னால் பிள்ளைகள் கேட்கும் கேள்வி, சிரிப்பு, அவர் துள்ளித் துள்ளிப் பலகையில் எழுதுவது எல்லாம் அப்படியே வரும். பிள்ளை பிழையான விடை சொல்ல, அதையே பிடித்துக்கொண்டு அவர் திரும்பக் கேட்பதும் அதில் இருக்கும். முல்லரின் ஆய்வு சொன்னதும் அதைத்தானே. 2018இல் அவருக்கு அந்த நாட்டின் ‘உள்ளூர் நாயகன்’ விருது கிடைத்தது. என் மகளுக்குப் பிடித்தவரும் இவர்தான். பேச்சு வேகம் கூட, ஆனால் பலகை பேசிவிடுகிறது. சம்பளம் கொடுத்தது பாடசாலை, விளக்கம் உலகத்துக்கு. செலவுக் கணக்கில் இதைவிட மலிவான முறை எனக்குத் தெரியவில்லை.

கிராண்ட் சாண்டர்சன் என்ற அமெரிக்க இளைஞரும் குறிப்பிட வேண்டியவர். ஸ்டான்போர்ட்டில் கணிதம் படித்து, கொஞ்சக் காலம் கான் அக்கடமியிலும் வேலை செய்தவர். 2015இல் ‘திரீ புளூ வன் பிரவுன்’ என்ற பெயரில் தொடங்கி, தானே எழுதிய மென்பொருளால் கோடுகளையும் வளைவுகளையும் அசைய வைத்துக் கணிதத்தைக் காட்டுகிறார். 2020 ஊரடங்குக் காலத்தில் பாடசாலைக் கணிதத்தை நேரடியாகவும் நடத்தினார். பாடம் இலவசம். விரும்பிய பார்வையாளர்கள் மாதாமாதம் சிறு தொகை கொடுத்துத் தாங்குகிறார்கள். வாசலில் உண்டியல் வைத்த கடை என்று சொல்லலாம். சரக்கு மோசமானால் உண்டியலில் விழாது.

இனி தலைப்பில் சொன்ன மற்றவருக்கு வருவோம். பைஜு ரவீந்திரன் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். கணக்குப் போடுவதில் அசாத்தியத் திறமை. நுழைவுப் பரீட்சைக்கு நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, மண்டபம் போதாமல் விளையாட்டு அரங்குகளில் வகுப்பு நடத்தியவர். 2011இல் நிறுவனம், 2015இல் பைஜூஸ் செயலி. ஆரம்பத்தில் வந்த பாடங்கள் அழகானவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சரக்கு நல்ல சரக்குத்தான்.

பிறகு முதலீட்டாளர்களின் காசு வெள்ளமாக வந்தது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர், 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் அனுசரணை. கம்பனிகளை வாங்கிக் குவித்தார்கள். ‘வைட்ஹாட் ஜூனியர்’ என்ற ஒன்றுக்கு மட்டும் 2020இல் 300 மில்லியன் டொலர். 2022இல் நிறுவனத்தின் பெறுமதி 22 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவுக்கும் ஈடு கொடுக்க விற்பனை ஓட வேண்டும் அல்லவா? விற்பனையாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லிப் பெற்றோரை நெருக்கினார்கள், வசதியில்லாதவர்களைக் கடன் ஒப்பந்தத்தில் மாட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடுகள் குவிந்தன. 2022 டிசம்பரில் இந்தியாவின் சிறுவர் உரிமைப் பாதுகாப்பு ஆணைக்குழு நிறுவனத்தை விளக்கம் கேட்டு அழைத்தது.

2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு 2022 செப்டெம்பரில்தான் வெளிவந்தது. நட்டம் 4,588 கோடி இந்திய ரூபா. ஒன்றரை வருடம் கணக்குக் காட்டாத பங்காளியை நம்மவர்கள் கடைக்குள் விடுவார்களா? 2023 ஜூனில் கணக்காய்வாளர்களே விலகிப் போனார்கள். 2024 ஜூலையில் நிறுவனம் வங்குரோத்து நடவடிக்கைக்குள் தள்ளப்பட்டது. அதைத் தள்ளியது எது தெரியுமா? சட்டையில் பெயர் போட்ட கணக்கில் கிரிக்கெட் சபைக்குக் கொடுக்க வேண்டியிருந்த 158 கோடி ரூபாப் பாக்கி.

இதிலிருந்து கல்வியை விற்கவே கூடாது என்று முடிவுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலகாபாத்தைச் சேர்ந்த அலக் பாண்டே என்ற இளைஞர் பொறியியல் படிப்பை இடைநடுவில் விட்டு, வெண்பலகைக்கு முன்னால் நின்று யூடியூப்பில் பாடம் நடத்தியவர். 2020இல் செயலி தொடங்கியபோது, மற்றவர்கள் பெருந்தொகை வாங்கிய இடத்தில் ஆயிரம் ரூபாவுக்குள் பாடநெறி கொடுத்தார். பெயர் ‘பிஸிக்ஸ்வாலா’ என்றாலும் கணிதமும் உண்டு. 2025 நவம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. குறைந்த இலாபம், கூடிய ஓட்டம். நமது மூதாதையர் சில்லறைக் கடையில் செய்த வியாபாரம்தான். அது நீடிக்குமா என்பது பங்கு வாங்கியவர்களின் கவலை. விலையை முதலில் ஒளிக்காமல் சொன்னார், பாடத்தை இலவசமாகப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்ற நிலை இருந்தது என்பதை மட்டும் நான் கவனிக்கிறேன். மாதிரியைக் காட்டி விற்பவரையும் மூட்டையைத் தைத்து விற்பவரையும் பிரித்தறிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமது பக்கம் வருவோம். பிள்ளைக்கு வீடியோ காட்டப் போகும் பெற்றோருக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். போனைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனால் பத்து நிமிடப் பாடம் இரண்டு மணித்தியால வேடிக்கையாகிவிடும். பக்கத்தில் கொப்பியும் பேனையும் இருக்க வேண்டும். கேள்வி வந்ததும் நிறுத்தி, பிள்ளை தன் விடையை எழுதிய பிறகுதான் மீதியைப் பார்க்க வேண்டும். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், “எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டு” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு அப்போதுதான் விளக்க வேண்டிய தேவை வரும். இந்த வழியில் என் மகள் சாதாரண தரத்தில் கணிதத்தைக் கடந்தாள், டியூஷனையும் முழுக்க விடவில்லை. சேரிடம் கேட்க வேண்டிய கேள்வி எது என்று தெரிந்துகொண்டு வகுப்புக்குப் போனாள், அவ்வளவுதான்.

மொழிதான் முட்டுக்கட்டை. நல்ல வீடியோக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடங்களில் கலைச்சொற்கள் வேறு. நாம் அட்சரகணிதம் என்பதை அங்கே இயற்கணிதம் என்பார்கள். சக, சய என்றால் அவர்களுக்குப் புரியாது. ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை நமது பாடத்திட்டத்தில், நமது சொற்களில், டைல்ஸையும் கடன் கொப்பியையும் வைத்துப் பேசும் பத்து நிமிடப் பாடங்கள் வரிசையாக வேண்டும். அதற்கு வேண்டிய சாமான் ஒரு போன், அதை நிறுத்த ஒரு கம்பு, ஒரு வெண்பலகை, சத்தமில்லாத அறை. விலை கூடியது ஒன்றே ஒன்றுதான். நல்ல கணித ஆசிரியர் ஒருவரின் மாலை நேரம். அதை அவர் டியூஷனில் விற்றால் எவ்வளவு வருமோ அதற்குக் குறையாமல் கொடுத்தால்தான் வருவார், வர வேண்டும். இலவசம் என்றால் பார்க்கும் பிள்ளைக்குத்தான் இலவசம், எழுதுபவருக்கல்ல.

ஒரு பஸாரில் இருக்கும் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஆசிரியரின் ஒரு வருட மாலை நேரத்தை வாங்கிவிடலாம் என்பது என் மதிப்பீடு. பெருநாள் காலத்தில் வீதியில் கட்டும் பதாகைக்கும் வானொலி விளம்பரத்துக்கும் நாம் செலவழிப்பதைப் பார்த்தே சொல்கிறேன். ஏற்கெனவே இப்படிப் பாடங்களைப் பதிவு செய்துவரும் ஆசிரியர்கள் நமது ஊர்களில் இருப்பார்கள். அவர்கள் ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு செலவாகிறது என்று பத்திரிகை முகவரிக்கு எழுதி அனுப்பினால், ஊர்பேர் போடாமல் அந்தக் கணக்கை இதே பக்கத்தில் வரிக்கு வரி பிரித்துத் தருகிறேன்.